மரவள்ளிக்கிழங்கு: வாங்கிய அன்றே ஃப்ரீசருக்கு

மண்ணை விட்டு வெளியே வந்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு மூன்று நாள் தாங்கினாலே பெரிது. வெட்டுப்பட்ட இடத்தில் காற்றுப் பட்டதும் கெடத் தொடங்கி, வெள்ளைச் சதைக்குள் நீலமும் கறுப்புமாகக் கோடுகள் ஓடிவிடும். பிறகு ருசியும் இராது, சரியாக வேகவும் செய்யாது. உருளைக்கிழங்குபோல் கூடையில் கொட்டிவைக்க முடியாத இந்தக் கிழங்குக்குத்தான் வீட்டு ஃப்ரீசர் அதிகம் உதவும் என்பேன்.

கடையிலேயே நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். படக்கென்று ஒடிந்து, உள்ளே சுத்த வெள்ளையாக இருக்கவேண்டும். ஒரு கோடு தெரிந்தாலும் வேண்டாம். கெட ஆரம்பித்ததை ஃப்ரீசர் நல்லதாக்கிவிடாது.

வீட்டுக்கு வந்ததும் மண் போகக் கழுவி, மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். மேலே மெல்லிய பழுப்புத் தோல். அதற்கடியில் இளஞ்சிவப்பாகத் தடித்த பட்டை. இரண்டும் போகவேண்டும். சயனைடு தரும் பொருள் சதையைவிடப் பட்டையில்தான் அதிகம். பீலரால் சீவினால் பட்டை அங்கங்கே தங்கிவிடும். அதனால் துண்டின் நீளவாக்கில் பட்டையளவு ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு, கத்தி முனையை உள்ளே விட்டு நெம்புங்கள். கட்டைவிரலால் தள்ளத் தள்ள மொத்தப் பட்டையும் சுருளாகக் கழன்று வரும். உரித்த துண்டை உடனே தண்ணீரில் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் நெடுக்காகப் பிளந்து நடுநாரை இழுத்துவிடுங்கள்.

இனி ஈரம். நன்றாக வடித்து, பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். ஈரத்தோடு வைத்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். எவர்சில்வர் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, கல்லாக இறுகும்வரை ஃப்ரீசரில் விடுங்கள். பிறகு ஒரு வேளைக்கு வேண்டிய அளவாக ஜிப் பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, தேதி எழுதி வையுங்கள். உள்ளே தங்கும் காற்று கிழங்கை உலர்த்திவிடும். மைனஸ் 18 டிகிரியில் ஆறு மாதம் நன்றாக இருக்கும். ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்கு அவ்வளவு குளிர்ச்சி கிடையாது. ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேரட்டை இப்படிப் பச்சையாக வைக்கக்கூடாது. குளிரிலும் அதிலுள்ள நொதிகள் மெல்ல வேலைசெய்து நிறத்தையும் மணத்தையும் குறைக்கும். சிறு துண்டுகளை இரண்டு நிமிடம் கொதிநீரிலும், உடனே ஐஸ் தண்ணீரிலும் போட்டெடுத்துத் துடைத்து வையுங்கள். பீட்ரூட்டை முழுதாக வேகவைத்த பிறகே வைக்கலாம். முள்ளங்கி துவண்டுவிடும், விட்டுவிடுங்கள்.

சமைக்கும் நாளில் மரவள்ளியை வெளியே எடுத்து இளகவைக்க வேண்டாம். நிறையத் தண்ணீர் கொதிக்கும்போது நேராகப் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து, மூடாமல் வேகவிடுங்கள். உறைந்த கிழங்கு சீக்கிரமே மாவாக உடையும். அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்துக் கிளறினால் சாளைக் குழம்போடு சாப்பிடலாம்.