நீரிழிவுள்ள முதியோரின் உளநலமும் சமூக ஆதரவும்

நோயின்றி இருத்தல் மாத்திரம் சுகாதாரம் ஆகாது. உடல், உள, சமூக ரீதியான பூரண நன்னிலையே சுகாதாரம் என்னும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரைவிலக்கணத்தை நீங்கள் கற்றிருப்பீர்கள். அதனை நீரிழிவுள்ள முதியவர் ஒருவருக்குப் பிரயோகித்துப் பார்ப்போம். இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதை அடைந்தவர் முதியவராவார்.

உள்ளமும் குருதிக் குளுக்கோசும்

கவலை, பயம், கோபம் என்பன ஏற்படும்போது அதிரினலின், கோட்டிசோல் ஆகிய ஓமோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. இவற்றின் தூண்டலால் ஈரல் குளுக்கோசைக் குருதியினுள் விடுவிக்கின்றது. நீரிழிவற்றவரில் இன்சுலின் இதனைச் சீராக்கும். நீரிழிவுள்ளவரில் அது போதியளவு தொழிற்படாமையால் குளுக்கோசு மட்டம் உயர்ந்தே நிற்கும். மேலும், மனச்சோர்வுற்றவர் மருந்து, உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றில் அக்கறை இழப்பார். நீரிழிவு உள்ளோரில் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏறத்தாழ இரு மடங்காகும்.

முதியோர் சோர்வடைவதற்கான காரணங்கள்

• வாழ்க்கைத் துணையை இழத்தல், பிள்ளைகள் தூர இடங்களுக்குச் செல்லல்
• பார்வை குன்றல், காற்புண் என்பவற்றால் வீட்டினுள் முடங்குதல்
• உணவு தொடர்பாக வீட்டாரின் ஓயாத கண்டிப்பு

நீங்கள் செய்யக்கூடியவை

1. "சீனியைத் தொடவேண்டாம்" என அம்மம்மாவை ஏசுவதிலும் அவருக்கு ஏற்ற உணவை வீட்டார் அனைவரும் சேர்ந்து உண்பது நன்று. ஏச்சுக்குப் பயந்தவர் ஒளித்து உண்பார். கிளினிக்கிலும் உண்மையைச் சொல்லமாட்டார்.
2. மாலையில் கதைத்துக்கொண்டே அவருடன் நடவுங்கள். பாதங்களில் காயம் உண்டா என நாள்தோறும் பாருங்கள்.
3. கிளினிக் நாளில் துணையாகச் செல்லுங்கள்.
4. முதியோர் சங்கம், வழிபாட்டிடம், வாசிகசாலை என்பவற்றுக்குச் சென்றுவர உதவுங்கள்.
5. துயரம், நித்திரையின்மை, பசியின்மை என்பன இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் கூறுங்கள். 1926 என்னும் தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

கவனிக்க

திடீர் எரிச்சல், குழப்பம், வியர்வை, நடுக்கம் என்பவற்றை "வயதின் குணம்" என ஒதுக்கிவிடாதீர்கள். குருதிக் குளுக்கோசு 70 மி.கி./டெ.லீ. இலும் குறைந்தமையின் அறிகுறிகளாக அவை இருக்கலாம். நினைவுடன் இருப்பவருக்கு 3 தேக்கரண்டி சீனி கரைத்த நீரைப் பருகக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தேறாவிடின் மீண்டும் கொடுத்து, வைத்திய உதவியை நாடுங்கள். நினைவிழந்தவருக்கு வாயால் எதனையும் கொடாது 1990 அம்புலன்ஸ் சேவையை உடனே அழையுங்கள்.

பரீட்சைக் குறிப்பு

"குடும்ப ஆதரவு நீரிழிவைக் கட்டுப்படுத்த உதவும். விளக்குக." என வினவப்பட்டால், "அன்பு காட்டவேண்டும்" என்று மட்டும் எழுதுவது போதாது. ஆதரவு → மன அழுத்தம் குறைதல் → ஓமோன் சுரப்புக் குறைதல் → குளுக்கோசு மட்டம் சீராதல் என்ற ஒழுங்கில் விளக்கி, உதாரணம் ஒன்றும் தருக.