கருக்கலைப்பு: கையெழுத்து யாருடையது?

"வீட்டுக்காரர் வரலையா? அவர் கையெழுத்து வேணுமே!" கருக்கலைப்புக்காக மருத்துவமனைக்குப் போகும் பெண்களிடம் இப்படிக் கேட்பது உண்டு. சட்டம் அப்படிக் கேட்கவில்லை.

1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, உங்களுக்கு 18 வயது நிறைந்திருந்தால் உங்கள் சம்மதம் மட்டுமே போதும். அதை எழுதித் தரும் தாள்தான் 'படிவம் சி'. கணவர், மாமியார், அப்பா யாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மட்டும் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் தேவை. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. திருமணம் ஆகாத பெண்களுக்கும் இதே உரிமை உண்டு என்றது அதே தீர்ப்புதான்.

சம்மதம் என்பது வெறும் கையெழுத்து இல்லைங்க. மாத்திரையா, கருவி மூலமா? ரத்தப்போக்கு எத்தனை நாள் இருக்கும்? எந்த அறிகுறி வந்தா உடனே ஓடி வரணும்? இதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, படிவத்தைப் படிச்சுக் காட்டச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

"குழந்தையோட இதயத்துடிப்பு கேட்டுட்டா கலைக்க முடியாதாமே?" என்றும் சிலர் கேட்கிறார்கள். அது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கதை. அங்கே 2021-ல் வந்த சட்டம், துடிப்பு தெரிந்த பிறகு, அதாவது ஏறக்குறைய 6 வாரத்திலேயே, கலைப்பைத் தடுத்தது. நம் சட்டம் துடிப்பைப் பார்ப்பதில்லை, வாரத்தைத்தான் எண்ணுகிறது. ஸ்கேன் எடுப்பது கரு எத்தனை வாரம், கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று மருத்துவர் தெரிந்துகொள்ளத்தான். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டும், துடிப்பைக் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆணா பெண்ணா என்று சொல்வது மட்டும் குற்றம்.

வாரக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மாதவிலக்கு தள்ளிப்போன நாளிலிருந்து எண்ணாதீர்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள் எனச் சில பிரிவினருக்குத்தான். 24 வாரத்தைத் தாண்டினால், கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். அதனால் தள்ளிப்போடாதீங்க.

"வெளியே தெரிஞ்சுடுமோ?" என்ற பயமா? சட்டம் அனுமதித்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் உங்கள் பெயரையும் விவரத்தையும் மருத்துவர் சொல்லக் கூடாது. சொன்னால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

தனியார் மருத்துவமனை என்றால், அங்கீகாரச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் 104-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். வீட்டில் மிரட்டல், கட்டாயம் என்றால் 181.