மடிக்கணினியின் மௌனம்



மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகத் திருவிழாவைக் கண்டவர்கள் அதன் ஓசையை எளிதில் மறக்கமாட்டார்கள். ஐந்து தேர்கள் அசைந்துவரப் பறையும் நாதசுரமும் மக்களின் அரோகராவும் ஒன்றாய்க் கலந்து வீதியை நிரப்பும். ஒலி இல்லாத திருவிழாவை யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? தேர் நகரும், வாய்கள் அசையும், ஆனால் ஒரு சத்தமும் கேளாது. அத்தகைய ஒரு நிலையையே 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இதே மாவட்டத்தின் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே, ஒரு லயன் வீட்டிலே நான் கண்டேன்.

கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலம் அது. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தாள். திரையில் ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய கை கரும்பலகையைச் சுட்டிக்காட்டியது. குரல் மாத்திரம் வரவில்லை. வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசியில் தம்பிக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரங்களாக அவள் உதட்டசைவைப் பார்த்தே பாடம் எழுதிவந்தாள். திருத்தும் கடை ஒன்றிலே கொடுத்துப் பார்த்ததில், "மதர்போர்ட் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்று சொல்லியிருந்தார்கள். அதற்கான பணத்திற்காகத் தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போக இருந்தது.

உண்மையில் மதர்போர்டுக்கு யாதொரு கேடும் நேர்ந்திருக்கவில்லை. அதை எவ்வாறு கண்டுகொண்டோம் என்பதைச் சொல்வதற்கு முன்னர், கணினியிலே ஒலி எவ்வழியாக வருகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம். வழி தெரிந்தால்தான் எந்த இடத்திலே தடை என்று தேடமுடியும்.

மாத்தளை நகருக்கு அண்மையில் அலுவிகாரை என்றொரு குகைக்கோவில் இருக்கிறது. பல தலைமுறைகளாகத் துறவிகள் வாய்மொழியாக ஓதிவந்த பௌத்த நூல்கள், கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஓலையில் எழுதப்பட்டன என்பது மரபு. ஒலியாக இருந்தது எழுத்தாயிற்று. பின்னர் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் நாவிலே அது மீண்டும் ஒலியாயிற்று. கணினி செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஒலியலையின் உயரத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதிவைக்கிறது. இசைத்தட்டாகிய சீடீயிலே செக்கனுக்கு 44,100 முறை. கணினிகளிலே பெரும்பாலும் 48,000 முறை. 16 பிட் அளவிலே எழுதினால் ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாக அமையும்.

அவ்வெண்களை வாசித்து மீண்டும் மின்னலையாக மாற்றுவதற்குக் கணினிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குக் கோடெக் என்று பெயர். இன்டெல் நிறுவனம் 2004ஆம் ஆண்டிலே வகுத்த ஹை டெபினிஷன் ஓடியோ என்னும் நியமத்தைத் தழுவியே மிகப் பல மடிக்கணினிகளில் இச்சில்லு வேலை செய்கிறது. அதிலிருந்து புறப்படும் மின்னலை, பெருக்கியினூடாகச் சென்று ஸ்பீக்கரை அதிரச் செய்கிறது. காற்று அசைகிறது, நமக்குக் குரல் கேட்கிறது.

இனி, டிரைவர் என்பது யாது? பழைய காலத் தோட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். துரைக்குத் தொழிலாளரின் பேச்சு தெரியாது; தொழிலாளருக்குத் துரையின் பேச்சு தெரியாது. இருவருக்கும் இடையே கங்காணி நின்றார். துரை சொன்னதை இவர்களுக்கு விளங்கும்படி அவர் சொன்னால்தான் மலையிலே வேலை நடக்கும். கணினியிலே விண்டோஸ் முதலிய இயங்குதளம் துரை, ஒலிச்சில்லு தொழிலாளி, டிரைவர் என்னும் இயக்கி மென்பொருள் கங்காணி. கங்காணி வராத நாளிலே துரையும் நலமாகவே இருப்பார். தொழிலாளியும் நலமாகவே இருப்பார். ஆனால் ஒரு கூடைக் கொழுந்தும் வந்து சேராது. மடிக்கணினி திடீரென்று ஊமையாவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

ஆயினும் முதற்பழியைக் கங்காணியின்மேல் போட்டுவிடலாகாது. காசு செலவில்லாத சோதனைகளை முதலிலே செய்து, படிப்படியாகச் செலவுள்ளவற்றிற்குப் போதலே அறிவுடைமை.

முதலாவது, ஒலியை அடக்கும் விசையைப் பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசையில் ஸ்பீக்கர் படத்துடன் ஒரு விசை இருக்கும். கை தவறிப்பட்டாலே குரல் அடங்கிவிடும். வகுப்பு நடக்கும் செயலிக்குள்ளேயும் தனியாக ஓர் ஒலியளவு உண்டு என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, ஒலி வேறிடத்திற்குப் போகிறதா என்று பாருங்கள். திரையின் கீழ்மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால், ஒலி வெளிவரும் கருவிகளின் பட்டியல் தோன்றும். தொலைக்காட்சியுடன் எச்டிஎம்ஐ வடத்தால் இணைத்திருந்தாலோ, அடுத்த அறையில் புளூடூத் ஹெட்போன் விழித்திருந்தாலோ, ஒலி அங்கே போய்விடும். நாம் இங்கே காதைத் தீட்டிக்கொண்டிருப்போம்.

மூன்றாவது, ஹெட்போன் செருகும் துளை. அத்துளைக்குள்ளே சிறியதோர் உணர்வுவிசை உண்டு. ஹெட்போன் செருகப்பட்டதும் ஸ்பீக்கரை நிறுத்தும்படி அது செய்தி அனுப்பும். நக்கிள்ஸ் மலைச்சாரலின் ஈரக்காற்றிலே அவ்விசையில் களிம்பேறினாலும், தூசி படிந்தாலும், ஒன்றுமே செருகாதிருக்கவும் ஹெட்போன் இருப்பதாகவே கணினி எண்ணிக்கொள்ளும். ஹெட்போனிலே குரல் கேட்கிறது, ஸ்பீக்கரிலே கேட்கவில்லை என்றால், இத்துளையையோ ஸ்பீக்கரையோ ஐயுறலாம். கோடெக் சில்லும் டிரைவரும் பெரும்பாலும் குற்றமற்றவை. கணினியை நிறுத்தியபின் ஹெட்போனைப் பலமுறை செருகி எடுத்தால் பல வேளைகளில் விசை விடுபட்டுவிடும். ஊசி, கம்பி முதலியவற்றை உள்ளே விடுதல் கூடாது.

நான்காவது, ரீஸ்டார்ட் என்னும் மறுதொடக்கம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. விண்டோஸின் அண்மைக்காலப் பதிப்புகளில், விரைவாகத் தொடங்கவேண்டும் என்பதற்காக, நாம் ஷட்டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதி முழுவதும் அணைவதில்லை. அதன் நிலை வட்டிலே சேமித்துவைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. ஆகையால் நேற்றைய கோளாறும் இன்றைக்குக் கூடவே எழுந்துவரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் டிரைவர்கள் யாவும் புதிதாகத் தொடங்கும். "பத்துமுறை அணைத்துப் பார்த்தேன்" என்போரிடம், "ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்கவேண்டியிருப்பது இதனாலேதான்.

இவ்வளவுக்கும் பலனில்லையாயின் டிரைவரிடம் போவோம். திரையின் ஸ்டார்ட் பொத்தான்மீது சுட்டியின் வலப்பக்கத்தை அழுத்தினால் டிவைஸ் மனேஜர் என்றொரு பெயர் தோன்றும். அதைத் திறந்து ஒலிக்கருவிகளின் பகுதியைப் பாருங்கள். ஒலிக்கருவியின் பெயர்மீது மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவரிலே கோளாறு என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெயரே இல்லையானால், சில்லை இயங்குதளம் காணவில்லை. டிரைவர் அழிந்துமிருக்கலாம், சில்லு செயலிழந்துமிருக்கலாம்.

டிரைவர் ஏன் கெடுகிறது? நாம் ஒன்றும் செய்யாமலே கெடுவதுண்டு. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, பொருந்தாத இன்டெல் ஒலி டிரைவர் ஒன்று விண்டோஸ் 10 கணினிகளுக்குத் தானியங்கிப் புதுப்பித்தல் வழியாகத் தவறுதலாகச் சென்றுவிட்டது. பல கணினிகள் இரவோடிரவாக ஊமையாயின. பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனமே அதனை நீக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஆகவே, "நேற்றுவரை பாடியது, இன்று பாடவில்லை" என்றால், இடையே புதுப்பித்தல் ஏதும் நிகழ்ந்ததா என்று பார்ப்பது நன்று.

அதற்கு மூன்று வழிகள் உள. ஒலிக்கருவியின் பெயரைத் திறந்து, ரோல் பேக் டிரைவர் என்பதை அழுத்தினால் முந்திய டிரைவர் திரும்பவும் அமரும். முந்தியது சேமிப்பில் இல்லையானால் அப்பொத்தான் மங்கியிருக்கும். அடுத்தது, அன்இன்ஸ்டோல் கொடுத்து நீக்கிவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்தல். எழும்போது இயங்குதளமே பொருத்தமான ஒன்றைத் தேடி அமர்த்த முயலும். மூன்றாவது, டிரைவரைப் புதுப்பிக்கும் பகுதியிலே, கணினிக்குள் ஏற்கெனவே உள்ள பட்டியலிலிருந்து ஹை டெபினிஷன் ஓடியோ டிவைஸ் என்னும் பொது டிரைவரைத் தெரிந்தெடுத்தல். இதற்கு இணையத் தொடர்பு வேண்டியதில்லை. சிக்னல் கிடைக்காத மலைப்பகுதியில் வாழ்வோருக்கு இது பேருதவியாகும். இருப்பினும், புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் இப்பொது டிரைவர் பொருந்துவதில்லை. அவற்றிற்கு உற்பத்தி நிறுவனத்தின் தளத்திலிருந்து, கணினியின் மாதிரி எண்ணைப் பார்த்து, உரிய டிரைவரைப் பெறவேண்டும். எல்லா டிரைவர்களையும் இலவசமாகத் தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் முன்பின் தெரியாத மென்பொருள்களை நாடவேண்டாம். ஊமையைப் பேசவைக்க வந்தவர் வீட்டையே கொள்ளையிட்டுச் செல்லக்கூடும்.

குரல் வருகிறது, ஆனால் கெட்டு வருகிறது என்னும் குறையும் உண்டு. புளூடூத் ஹெட்போனிலே பாட்டு இனிமையாகக் கேட்கும். வகுப்பிலே சேர்ந்த கணமே தகரத்தில் பேசுவதுபோலாகும். அது பழுதன்று. ஹெட்போனின் ஒலிவாங்கியும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும், அந்தக் கம்பியில்லாத் தொடர்பு குறுகிய தரத்திற்கு மாறிவிடுகிறது. ஒலிவாங்கியாகக் கணினியில் உள்ளதையே தெரிந்தெடுத்தால் இனிமை பெரும்பாலும் மீளும். இன்னும், நாம் பேசுவது மற்றவர்க்குக் கேட்கவில்லையானால், ஒலிவாங்கியைப் பயன்படுத்தச் செயலிகளுக்கு அனுமதி உண்டா என்பதைத் தனியுரிமைப் பகுதியிலே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இப்பொழுது அந்த லயன் வீட்டிற்குத் திரும்புவோம். விசையையும் பட்டியலையும் துளையையும் பார்த்தாயிற்று. ஹெட்போனிலும் குரலில்லை. டிவைஸ் மனேஜரிலே மஞ்சள் முக்கோணம் இருந்தது. ஆனால் கடைக்காரர் மதர்போர்ட் என்று சொல்லிவிட்டாரே! சில்லு உயிருடன் உள்ளதா என்பதை முதலிலே தீர்த்துக்கொள்ளவேண்டும். என் பையிலே லினக்ஸ் இயங்குதளம் பதித்த பென் டிரைவ் ஒன்று இருந்தது. அதிலிருந்து கணினியைத் தொடக்கினால், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமலே வேறோர் இயங்குதளம் தற்காலிகமாக எழும். தனக்குரிய டிரைவரையும் உடன் கொண்டுவரும். அதிலே சோதனை ஒலியை அழுத்தினோம். ஸ்பீக்கர் பேசிற்று! புதிய கங்காணி அழைத்தால் தொழிலாளி வருகிறான். ஆகவே தொழிலாளி நலமாகத்தான் இருக்கிறான். லினக்ஸிலும் குரல் வராதிருந்தால் அதை மட்டும் கொண்டு சில்லு கெட்டதென்று துணிய முடியாது. ஏனெனில் அதன் டிரைவரும் பொருந்தாமற் போகலாம். ஆனால் குரல் வந்துவிட்டால் சில்லுக்கு உயிருண்டு என்பது உறுதி.

மீண்டும் விண்டோஸுக்குப் போனோம். ரோல் பேக் பொத்தான் மங்கியிருந்தது. பட்டியலிலிருந்து பொது டிரைவரைத் தெரிந்தெடுத்தோம். அரை நிமிடம் கழிந்தது. கணினி தன் அறிமுக மணியை ஒலித்தது. சில நாட்களின்பின் மாத்தளை நகருக்குச் சென்றபோது உரிய டிரைவரைப் பென் டிரைவிலே இறக்கிவந்து பொருத்தினோம். சங்கிலி அடகுக்குப் போகவில்லை. ஆனால் அம்மாணவி இழந்த மூன்று வாரப் பாடங்களை எந்த டிரைவராலும் திருப்பித் தர முடியவில்லை. தோழியின் குறிப்பேட்டை இரவல் வாங்கி, இரவிலே கண்விழித்து எழுதித்தான் அவள் ஈடுசெய்தாள்.

சில்லு மெய்யாகவே கெட்டிருந்தாலும் உடனே மதர்போர்டை மாற்றவேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி துளையிலே செருகும் சிறிய ஒலியடாப்டர் கடைகளிலே கிடைக்கும். அதற்குள்ளே தனியாக ஒரு கோடெக் உண்டு. பெரும்பாலானவற்றிற்குத் தனி டிரைவரும் வேண்டியதில்லை. மதர்போர்டின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். அத்துடன், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடிமின்னல் வலுக்கும் நாட்களிலே மின்கம்பியிலிருந்து கணினியைக் கழற்றிவிடுவதும் நலம். வருமுன் காத்தல் வந்தபின் திருத்துதலினும் மலிவானது.

நேயர்களே, வால்வு வானொலிக் காலத்திலே குரல் நின்றால் பெட்டியின் பக்கத்திலே ஒரு தட்டுத் தட்டுவார்கள். சில வேளை பாடவும் செய்யும். மடிக்கணினியைத் தட்டவேண்டாம். அது மௌனமானால், குரல் எவ்வழியே வருகிறது என்று ஒருமுறை மனத்திலே நடந்து பாருங்கள். செயலி, இயங்குதளம், டிரைவர், சில்லு, துளை, ஸ்பீக்கர் என ஒவ்வொரு படியிலும் நின்று, இங்கே தடையா என்று கேளுங்கள். கடைக்குப் போகவேண்டி வந்தாலும், "ஹெட்போனிலே கேட்கிறது, ஸ்பீக்கரிலே இல்லை" என்றோ, "வேறு இயங்குதளத்திலே பேசுகிறது" என்றோ சொல்லிக் கொடுங்கள். நோயைச் சரியாகச் சொல்பவருக்குத் தேவையற்ற மருந்து விற்பது கடினம்.