கூர்க்காவின் சட்டைப்பையில் திருடன் படம்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு சொல் மண்டைக்குள்ளேயே நிற்கிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாட்களில் ரொம்ப மோசம். மனிதருக்கு நாளொன்றுக்கு 60,000 எண்ணங்கள் வருகின்றன, வேண்டாததை உள்ளே விடாமல் இருந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று ஒரு பயிற்சி வீடியோவில் சொல்கிறார்கள். உள்ளே விடாமல் இருப்பது எப்படி?”

முதலில் அந்த 60,000. மேடைக்கு மேடை சொல்கிறார்கள். யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. கனடாவில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்டன் பாப்பென்க்கும் ஜூலி செங்கும் 2020இல் எண்ணுவதற்கு ஒரு வழியைக் காட்டினார்கள். மூளை ஸ்கேனில் செயல்பாட்டின் கோலம் சற்றே நிலைத்து நின்றுவிட்டு, வேறொரு கோலத்துக்குத் தாவும் கணங்களைக் குறித்தார்கள். நிமிடத்துக்குச் சுமார் ஆறரைத் தாவல். விழித்திருக்கும் நேரத்துக்குப் பெருக்கினால் 6,200 சொச்சம். இதுவும் ஒரு மதிப்பீடுதான். எண்ணம் மாறியது என்று இந்த முறைக்குத் தெரியும். என்ன எண்ணம், நல்லதா கெட்டதா என்று தெரியாது. பத்து மடங்கு ஊதிய எண்ணின் மேல் பயிற்சி வகுப்பு கட்டி, மனம் நொந்தவர்களிடம் கட்டணம் வாங்குவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

ஆனால் கேள்வியின் உயிர் எண்ணிக்கையில் இல்லை, “உள்ளே விடாமல்” என்ற சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்தான் வினை.

1987இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில், டிரினிட்டி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டேனியல் வெக்னர் மாணவர்களை ஒவ்வொருவராகத் தனி அறையில் உட்காரவைத்தார். மனதில் ஓடுவதை ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, “இப்போது கரடியைத் தாராளமாக நினைக்கலாம்” என்றார். முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்ற இன்னொரு குழுவைவிட, அடக்கிவைத்துப் பிறகு அனுமதி பெற்றவர்களிடம் கரடி அதிகமாக வந்தது. அணைபோட்டுத் தேக்கியது போல.

வரலாறு வேண்டுமென்றால், வெக்னருக்கு அந்தக் கரடியைக் கொடுத்தவர் தஸ்தயேவ்ஸ்கி. 1863இல் எழுதிய பயணக் குறிப்புகளில் பனிக்கரடியை நினைக்காமல் இருந்து பாருங்கள் என்று சவால் விட்டிருந்தார். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்ற வைத்தியர் கதை நமக்குத் தெரிந்ததே. இது போதும். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு வெக்னர் 1994இல் விளக்கம் எழுதினார். ஒரு நினைப்பைத் தடுக்க மனம் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. ஒன்று, கவனத்தை வேறு எதன் மேலாவது திருப்புவது. இது நாம் அறிந்து, முயன்று செய்வது, சக்தி செலவாகும். இரண்டாவது, தடைசெய்த நினைப்பு எங்காவது தலை காட்டுகிறதா என்று துழாவிக்கொண்டே இருப்பது. இது நாம் அறியாமல் ஓடுவது, செலவு மிகக் குறைவு.

இரவில் விசில் ஊதிக்கொண்டு, கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றும் கூர்க்காவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் முதல் வேலை, கூர்க்கா இரண்டாவது வேலை. திருடன் வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே? அதற்காகத் திருடனின் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். விளக்குக் கம்பத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். தெருவில் திருடனின் முகத்தை இவ்வளவு அக்கறையாக மனப்பாடம் செய்தவர் வேறு யாரும் கிடையாது. லேசாகச் சாயல் தெரிந்தாலும் விசில். வீட்டுக்காரர் எழுந்து வந்து விரட்டிவிட்டுப் படுக்கிறார். தெம்பாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடும். வீட்டில் கல்யாண வேலை, காய்ச்சல், கடன் என்று அவர் ஓய்ந்துபோன நாட்களில்தான் சிக்கல். கூர்க்காவுக்குக் களைப்பே கிடையாது. விசில் ஊதிக்கொண்டே இருப்பார். எழுந்துவர ஆள் இருக்காது. ஊரைவிட்டே போய்விட்ட திருடனின் படம் அப்போது தெருவெல்லாம் ஒட்டியிருக்கும். காவல் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகும் பழக்கத்தில் இவர் ஒரு சுற்று சுற்றுவார். அனுமதி கொடுத்த பிறகு கரடி கூட்டமாக வந்தது அதனால்தான் என்பது வெக்னரின் வாதம்.

மூளையைத் திறந்து இந்தக் கூர்க்காவை யாரும் பார்த்ததில்லை. விளக்கம் சரியென்றால், தலையில் சுமை ஏறும்போது தடுத்த காரியமே முந்திக்கொண்டு நடக்க வேண்டும். 1998இல் வெளியான ஆய்வில் வெக்னர் குழு அதைக் கையில் சோதித்தது. நூலில் தொங்கும் ஊசலைப் பிடித்துக்கொண்டு, குறிப்பிட்ட ஒரு திசையில் மட்டும் ஆடவிடாதே என்றார்கள். ஊசல் அந்தத் திசையில்தான் ஆடப் பார்த்தது. ஆயிரத்திலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னபோது இன்னும் அதிகமாக ஆடியது. மனதில் நடப்பதாகச் சொன்ன ஒன்று நூல் நுனியில் கண்ணுக்குத் தெரிகிறதே, இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கோல்ஃப் பந்தைக் குழியைத் தாண்டி அடித்துவிடாதே என்று சொல்லி, ஆறு இலக்க எண் ஒன்றை நினைவில் வைத்திருக்கவும் சொன்னார்கள், தாண்டித்தான் போனது. இதற்கு இரண்டாண்டு முன்பு வெளியான ஆய்வில் அதே குழு, ராணுவ அணிவகுப்பு இசை காதில் ஒலிக்க, சீக்கிரம் தூங்கு என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தது. சீக்கிரம் தூங்கச் சொல்லப்பட்டவர்கள்தான் தூக்கம் வராமல் தவித்தார்கள்.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2020இல் வந்த தொகுப்பாய்வு, அடக்கிய பிறகு நினைப்பு திரும்பி வருவது உண்மைதான் என்றது. அடக்கிக்கொண்டிருக்கும்போதே மிகுவது தலையில் சுமை இருக்கும்போதுதான் என்றும் சொன்னது. மாதக் கடைசியில் மோசம் என்று வாசகி எழுதியதை மறுபடி படியுங்கள். அது அவருடைய பலவீனம் இல்லை. ரசீதும் பற்றுவரவும் வீட்டுக்காரரை முழுசாகப் பிடித்துவைத்திருக்கும் நாட்கள் அவை.

அப்படியானால் எந்த நினைப்பையும் தடுக்கவே முடியாதா? அப்படி அடித்துச் சொன்னால் நானும் மிகைப்படுத்துகிறவன் ஆவேன். 2023இல் வெளியான ஆய்வில், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜுல்கைதா மாமத்தும் மைக்கேல் ஆண்டர்சனும் 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேரில் சுமார் பாதிப் பேருக்கு, அஞ்சும் காட்சிகள் மனதில் எழாமல் நிறுத்தும் பயிற்சியை மூன்று நாள் கொடுத்தார்கள். பலருக்கு அச்சம் தணிந்தது. அடக்கியவை முன்னைவிட வலுவாகத் திரும்பி வரவும் இல்லை. செய்முறை வேறு. ஐந்து நிமிடம் காவல் காத்து மணியடிப்பது அங்கே கிடையாது. அந்தக் காட்சியை நினைவூட்டும் ஒரு சொல்லைத் திரையில் சில நொடி நேருக்கு நேர் பார்த்தபடி, காட்சி மேலெழாமல் நிறுத்த வேண்டும். எதையும் தேடி அலையச் சொல்லவில்லை என்பதால் கூர்க்காவுக்கு அங்கே வேலை குறைவு என்று நான் படிக்கிறேன். இந்த விவாதம் முடியவில்லை.

வாசகிக்கு என் பதில் சிறியது. வெக்னரே தன் முதல் ஆய்வில் இன்னொரு குழுவிடம், கரடி வந்தால் சிவப்பு வோக்ஸ்வாகன் காரை நினை என்று சொல்லியிருந்தார். அவர்களிடம் கரடி திரும்பி வந்தது குறைவு. எதை நினைக்கக் கூடாது என்பதைவிட எதை நினைப்பது என்று மனதுக்குச் சொல்வது எளிது; அந்த ஒன்றை முன்கூட்டியே தேர்ந்துவைப்பது இன்னும் எளிது. இரவில் மனம் ஓயாவிட்டால் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதுங்கள். டெக்சாஸில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் 57 பேரைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். சிறிய ஆய்வு, ஒரே ஓர் இரவு. ஒன்பது நிமிடம் வாழ்க்கையை மாற்றாது. ஆனால் செலவு ஒரு காகிதம்தான். “நாளைக்கு அந்த வேலை” என்று எழுதாமல், “காலை பத்து மணிக்கு மார்ச் மாத ரசீதுகளைச் சரிபார்ப்பது” என்று எழுதுங்கள்.

அதற்கு முன் ஒரு நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, இடவலமாக மட்டும் ஆடக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, ஆயிரத்திலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கு எழுதுங்கள்.