காற்றை அடைக்கும் முன் அனுமதி பெறுங்கள்

பங்குனி, சித்திரை மாத வெக்கையில் வீடு குளிர்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். மலைநாட்டில் உள்ளவர்கள் மார்கழி, தைக் குளிரில் வீடு சூடாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். இதற்காக விறாந்தையை மறித்து அறையாக்குகிறோம். யன்னலைக் கல் வைத்து அடைத்துக் குளிரூட்டி பூட்டுகிறோம். குசினியைப் பின்பக்கம் தள்ளிக் கட்டுகிறோம். "என் காணி, என் வீடு, யாரிடம் கேட்க வேண்டும்?" என்பதே பலருடைய எண்ணம். ஆனால் இவ்வேலைகளுள் பலவற்றுக்கு, தொடங்கும் முன்னரே எழுத்து மூல அனுமதி பெற வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மாநகர சபை, நகர சபைப் பகுதிகளுக்கும், பிரதேச சபைகளின் கீழ் இச்சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்ட இடங்களுக்கும் இது பொருந்தும். புதிய வீட்டுக்கு மட்டுமன்றி, இருக்கும் வீட்டில் செய்யும் மாற்றங்களுக்கும் அனுமதி தேவை என்கிறது இச்சட்டம். கூரை, வெளிச்சுவர் என்பன கட்டுவது மாற்றம். வீட்டின் காற்றோட்டத்தையோ வடிகாலையோ உறுதியையோ பாதிக்கும்படி உள்ளே திருத்துவதும் மாற்றமே.

இதைத் தவிர, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். உங்கள் காணி எந்தப் பகுதிக்குள் அடங்குகிறது என்பதைப் பிரதேச சபையில் கேட்டு அறியலாம்.

1915இல் எழுதப்பட்ட சட்டத்தில் குளிரூட்டி பற்றிப் பேச்சில்லை. அது கேட்பது இயந்திரத்தைப் பற்றி அல்ல. அதற்காக நீங்கள் எழுப்பும் சுவரையும் அடைக்கும் யன்னலையும் பற்றியே.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

வீடுகளில் நாம் பூட்டும் சாதாரண குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் உள்ள அதே காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. யன்னலை நிரந்தரமாக அடைத்த அறையில், ஒருவருக்கு வந்த தடிமனும் இருமலும் மற்றவருக்கும் எளிதில் தொற்றும். மின்சாரம் நின்றால் அந்த அறையில் இருக்க முடியாது. 2022ஆம் ஆண்டு பங்குனி முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிடலாகாது.

குசினியை மாற்றும்போது புகை எங்கே போகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். விறகுப் புகையால் அதிகம் பாதிக்கப்படுவோர் சமைக்கும் பெண்களும் அவர்கள் அருகில் இருக்கும் சிறு குழந்தைகளுமே. கூரைக்கு மேல் செல்லும் புகைபோக்கியை வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

குளிர்ப் பிரதேசங்களில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை மூடிக்கொண்டு படுப்பது மிகவும் ஆபத்தானது. எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழிக்காமலே இறக்க நேரிடும். கரிச்சட்டி வைப்பதற்கு எந்தச் சபையும் அனுமதி கேட்பதில்லை. எனவே இதில் நாமே நமக்குக் காவல்.

செய்ய வேண்டியவை

1. முதலில் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைச் சந்தித்து, செய்யவிருக்கும் வேலையைச் சொல்லுங்கள். அனுமதி தேவையில்லை என்றால் அதையும் அவரிடமே தெரிந்துகொள்ளுங்கள். மேசன் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

2. விண்ணப்பப் படிவத்துடன் காணி உறுதி, நில அளவைப் படம், கட்டட வரைபடம் முதலியன கேட்கப்படும். கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

3. அனுமதி கையில் கிடைக்கும் வரை அத்திவாரம் வெட்ட வேண்டாம். அனுமதியில்லாத கட்டடத்தை இடிக்குமாறு நீதவான் நீதிமன்றம் கட்டளையிடலாம். கடன்பட்டுக் கட்டிய சுவரைக் காசு கொடுத்து இடிக்கும் நிலை ஏற்படும்.

4. வேலை முடிந்ததும் அமைவுச் சான்றிதழ் பெறுங்கள். அங்கீகரித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டுள்ளது என்பதற்கு அதுவே சாட்சி. புதிய கட்டடத்தில் குடிபுகுவதற்கு முன் அதைப் பெற வேண்டும்.

மின்சாரமும் வாயுவும்

குளிரூட்டிக்கு மின்பலகையிலிருந்து தனி வயர் இழுத்து, தனிச் சுவிச், புவித்தொடுப்பு என்பவற்றைப் பொருத்த வேண்டும். வீட்டில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்றும் சோதியுங்கள். தகைமைச் சான்றிதழ் உள்ள மின்னியலாளரையே அழையுங்கள்.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோர் அதிலுள்ள வாயுவைக் கேட்டறிய வேண்டும். ஆர்-22 வாயு ஓசோன் படைக்குக் கேடு செய்வது. மொன்றியல் உடன்படிக்கையின்படி நம்மைப் போன்ற நாடுகளில் 2030உடன் அதன் பாவனை பெரும்பாலும் முடிவுக்கு வர வேண்டும். பின்னர் அதற்கு வாயு தேடுவது கடினம். இப்போது பரவலாக உள்ள ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது. பயிற்சி இல்லாதவர் கையாளலாகாது.

குளிரூட்டி வாங்கும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். எதிரெதிரே இரண்டு யன்னல், கூரையோரத்தில் காற்றுத் துவாரம், மேற்குச் சுவருக்கு நிழலாக ஒரு வேம்பு இருந்தால் பல வீடுகளுக்கு அதுவே போதும். வரைபடம் கீறும்போதே இவற்றைக் கேட்டு வாங்குங்கள். சுவர் எழும்பிய பின் யன்னல் வைப்பது இரட்டைச் செலவு.