மான்குர்த் முதியவர்களின் சேமிப்புக்கு என்ன காவல்?

1976இல் மும்பையின் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கிருந்தவர்கள் மான்குர்த்தை அடுத்த சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அன்று இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று எழுபதை எட்டிவிட்டார். கூலி வேலை, வீட்டு வேலை, சிறு வியாபாரம் என்று உழைத்து ஓய்ந்த இந்தத் தலைமுறைக்கு ஓய்வூதியம் ஏது? கையிருப்புச் சேமிப்புதான் மருந்துக்கும் மானத்துக்கும் காவல். அந்தச் சேமிப்பு ஆபத்தில் சிக்கும்போது சட்டம் எந்த அளவுக்குக் கை கொடுக்கிறது?

முதலில், பணத்தை எங்கே போட்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மும்பையில் கூட்டுறவு வங்கி உண்டு, பத்பேடி எனப்படும் கூட்டுறவுக் கடன் சங்கமும் உண்டு. இரண்டின் பலகையும் மராத்தியில்தான் இருக்கும். இரண்டிலும் பாஸ்புக் தருவார்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. பத்பேடியில் போட்ட பணத்துக்கு அது கிடையாது. வட்டி அரை சதவீதம் கூடுதல் என்று பத்பேடிக்குப் போகும் பெரியவர்களிடம் இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

வங்கி என்றாலும் நிம்மதி முழுமையல்ல. 2019 செப்டம்பரில் பிஎம்சி கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, ஒருவர் எடுக்கலாம் என்று முதலில் அனுமதித்த தொகை வெறும் 1,000 ரூபாய். அப்போது காப்பீடும் ஒரு லட்சம்தான். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமானது. முடங்கிய வங்கியின் வாடிக்கையாளருக்குக் காப்பீட்டுத் தொகையை 90 நாளில் தர வேண்டும் என்ற திருத்தம் 2021இல் வந்தது. 2025 பிப்ரவரியில் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியும் முடங்கியது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் 1968இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய வங்கி அது.

தனியார் நிதி நிறுவனம் ஏமாற்றினால் வழி வேறு. இதற்குத் தமிழ்நாடு 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மகாராஷ்டிரம் 1999இல் அதே நோக்கத்தில் எம்பிஐடி சட்டத்தை இயற்றியது. மோசடி செய்தவரின் சொத்தை அரசு முடக்கி, தனி நீதிமன்றம் வழியாக முதலீட்டாளருக்குப் பிரித்துக் கொடுக்கலாம்; குற்றவாளிக்கு 6 ஆண்டு வரை சிறை. மும்பை உயர் நீதிமன்றம் 2005இல் இந்தச் சட்டம் செல்லாது என்றது. தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரச் சட்டமும் அதே வழியில் நிலைபெற்றது. 2025 ஜனவரியில் தாதரில் டோரஸ் நிறுவனத்தின் முதலீட்டு மோசடி வெடித்தபோது போலீஸ் கையிலெடுத்தது இந்தச் சட்டத்தைத்தான்.

மூன்றாவது வழி நுகர்வோர் ஆணையம். கூட்டுறவுச் சட்டத்தில் தனி வழி இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு வரலாமா என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டின் திருமுருகன் கூட்டுறவு வேளாண் கடன் சங்க வழக்கில் 2003 டிசம்பரில் விடை கிடைத்தது. தாராளமாக வரலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அந்தத் தீர்ப்பின் தலைப்பைப் பாருங்கள்: சங்கத்துக்கு எதிர்த்தரப்பில் நின்ற பெண்மணி இறந்துவிட்டதால் வாரிசுகளின் பெயரில் வழக்கு நடந்ததாக இருக்கிறது. வயதானவர்களுக்கு நீதி தாமதமாவதன் பொருள் இதுதான். 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது.

இதற்கு ஒரு மாற்று ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, பலருக்கும் தெரியாமல். மூத்த குடிமக்கள், மாற்றுத் திறனாளிகள், கணவரை இழந்த பெண்கள், கடும் நோயாளிகள் ஆகியோரின் வழக்குகளை முன்னுரிமை கொடுத்து முடிக்க வேண்டும் என்று நுகர்வோர் ஆணையங்களுக்கான ஒழுங்குமுறை விதிகளே சொல்கின்றன. ஆகவே புகாரோடு வயதுச் சான்றை இணைத்து, முன்னுரிமை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தர மாட்டார்கள்.

இப்போது எதிர்த்தரப்பின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மான்குர்த்வாசிக்கு அது மும்பை புறநகர் மாவட்ட ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனிலும் பதியலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மான்குர்த், கோவண்டி, செம்பூர் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். விழாக்களுக்கு மண்டபம் பிடிக்கும் நீங்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள். மராத்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் நாலு பேர் உட்கார்ந்து, பெரியவர்களின் பாஸ்புக்கையும் ரசீதுகளையும் வாசித்துச் சொல்லட்டும். தேவைப்பட்டால் புகாரும் எழுதித் தரட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதியோர் உதவி எண் 14567. இந்த இரண்டையும் வீட்டுப் பெரியவர்களின் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.