திருத்தம் அனுப்பினால் ஏற்பார்களா?

உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்கிறதா? அப்படியானால் அதனுள் லினக்ஸ் என்னும் மென்பொருளும் இருக்கிறது. திரை, நினைவகம், ஒலிபெருக்கி முதலிய உறுப்புகளை இயக்கும் மையப் பகுதி அது. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். மூலநிரலை மறைத்து வைக்காமல், எல்லாரும் படிக்கும்படி திறந்து வைத்தார். இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது.

நிரல் திறந்திருப்பதால், அதில் பிழை கண்டவர் எவரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். பட்டம் கேட்பதில்லை, வயதும் கேட்பதில்லை. நீங்களும் அனுப்பலாம். ஆனால் அனுப்பியவை எல்லாம் ஏற்கப்படுவதில்லை. பல திரும்பி வருகின்றன. சிலவற்றுக்குப் பதிலே வருவதில்லை. இலவசமாகக் கொடுப்பதைக் கூடவா மறுப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

திருத்தம் செல்லும் வழியை முதலில் பார்ப்போம். லினக்ஸில் ஒலி, வலைத்தொடர்பு, கோப்புகள் எனப் பல பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. அவர்களுடைய பட்டியல் மூலநிரலோடு சேர்ந்தே வருகிறது. நீங்கள் மாற்றிய வரிகளை மட்டும் காட்டும் சிறு கோப்புக்குப் 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த துணியில் வைத்துத் தைக்கும் ஒட்டு போன்றது. அதை மின்னஞ்சலில் உரிய பொறுப்பாளருக்கும், அப்பிரிவில் உழைக்கும் மற்றவர்களுக்கும் அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் படித்து, சரியென்று கண்டால் தம் தொகுப்பில் சேர்ப்பார். அத்தொகுப்பு பின்னர் டோர்வால்ட்ஸைச் சென்றடையும்.

சிக்கல் எங்கே வருகிறது? படிப்பவரிடம்தான். 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை லினக்ஸின் புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. எழுதுவோர் ஏராளம், படித்துத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் சிலரே. தொட்டி எவ்வளவு பெரிதானாலும் நீர் வெளியேறுவது அடியிலுள்ள சிறு துளை வழியாகத்தானே! (நீர்மட்டம் உயர்ந்தால் வேகமும் கூடும் என்று டாரிசெல்லி தேற்றம் படித்தவர்கள் குறுக்கிடுவீர்கள். உவமை அங்கே பொருந்தாது. குவியல் உயர்ந்தால் படிப்பவர் வேகமாகப் படிப்பதில்லை, சோர்ந்துபோகிறார்.)

சோர்ந்த கண் ஒன்றைத் தவறவிட்டால் என்ன ஆகும்? ஓபன்எஸ்எஸ்எல் என்னும் வேறொரு திறந்த மென்பொருளில் நடந்ததைக் கேளுங்கள். நாம் இணையத்தில் அனுப்பும் கடவுச்சொல், வங்கி விவரம் முதலியவற்றைச் சங்கேதமாக மாற்றிக் காப்பது அதன் வேலை. 2011இல் ஜெர்மானிய ஆய்வு மாணவர் ஒருவர் அதற்குப் புதிய வசதி ஒன்றை எழுதித் தந்தார். தொடர்பிலுள்ள இரு கணிப்பொறிகளில் ஒன்று 'இருக்கிறாயா?' என்று கேட்க, மற்றது 'இருக்கிறேன்' என்று சொல்லும் ஏற்பாடு அது. 'இதயத்துடிப்பு' என்று அதற்குப் பெயரிட்டார்கள். கேட்கும் கணிப்பொறி ஒரு சொல்லையும், அச்சொல்லின் நீளம் இவ்வளவு என்பதையும் அனுப்பும். மற்றது அச்சொல்லை அப்படியே திருப்பி அனுப்பும். சொன்ன நீளமும் உண்மையான நீளமும் ஒன்றுதானா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை விடுபட்டிருந்தது. எழுதியவர் கவனிக்கவில்லை, படித்து ஏற்றவரும் கவனிக்கவில்லை. 2011 டிசம்பர் 31 இரவு அது மூலநிரலில் சேர்ந்தது. 2012 மார்ச்சில் வெளியான பதிப்போடு உலகெங்கும் பரவியது.

இப்போது ஒருவன் ஒரே எழுத்தை அனுப்பி, 'இதன் நீளம் 64,000 எழுத்து' என்று பொய் சொல்கிறான் என்று கொள்வோம். சர்வர் அதை நம்பி, அந்த ஓர் எழுத்தோடு, நினைவகத்தில் அதை அடுத்துக் கிடந்த அனைத்தையும் அள்ளிக் கொடுத்துவிடும். அதில் இன்னொருவருடைய கடவுச்சொல் இருக்கலாம். சர்வரின் இரகசியத் திறவுகோலே இருக்கலாம். 2014 ஏப்ரல் 7 அன்று இப்பிழை வெளியே தெரிந்தபோது, சுமார் 5 லட்சம் இணையதளங்கள் ஆபத்தில் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். கனடா நாட்டு வரித்துறையிலிருந்து 900 பேருடைய சமூகக் காப்பீட்டு எண்கள் திருடு போயின. அக்காலத்தில் ஓபன்எஸ்எஸ்எல்லுக்காக முழுநேரம் உழைத்தவர் ஒருவரே.

அவ்விருவரையும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே மாலையில் அறுபது ரெக்கார்டு நோட்டுகள் திருத்தியபோது, தனி ஊசல் ஆய்வில் புவியீர்ப்பு முடுக்கம் 98 என்று தசமப்புள்ளி இல்லாமல் எழுதியிருந்ததற்குச் சரி போட்டுக் கையெழுத்திட்டவன் நான். புறத்தேர்வாளர்தான் பிறகு சுட்டிக்காட்டினார்.

ஆகவே பொறுப்பாளரின் தயக்கத்தை நாம் புரிந்துகொள்ளலாம். நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம். ஏற்ற நிரலைப் பல ஆண்டுகள் சுமக்கப் போகிறவர் அவர். படிக்கும் சுமையை எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு உங்கள் திருத்தத்திற்கு வாய்ப்புக் கூடும்.

ஒரு பேட்சில் ஒரே ஒரு மாற்றம் இருக்கட்டும். பிழையைத் திருத்தும்போதே பக்கத்திலுள்ள வரிகளையும் அழகுபடுத்தலாமே என்று கை பரபரக்கும், வேண்டாம். இருபது வரிகளை ஒருவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் படித்துவிடுவார். இரண்டாயிரம் வரிகளை 'நாளைக்குப் பார்ப்போம்' என்று ஒதுக்கிவைப்பார். அந்த நாளை வருவதேயில்லை.

எதை மாற்றினீர்கள் என்பதை நிரலே சொல்லும். ஏன் மாற்றினீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்தக் கருவியில், என்ன செய்தபோது பிழை தோன்றியது, திருத்திய பின் எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். நிரல் அருமையாக இருக்கும். விளக்கமோ 'பிழை நீக்கப்பட்டது' என்ற ஒரே வரி! எழுத்து நடை, இடைவெளி முதலிய சில்லறை விதிகளைச் சரிபார்க்க லினக்ஸோடு ஒரு சிறு நிரலே வருகிறது. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினால் போதும். 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்பதற்கு அடையாளமாக, பேட்சின் கீழே உங்கள் ஒப்பமும் இருக்க வேண்டும். 2004 முதல் இது வழக்கத்தில் உள்ளது.

பிறகு காத்திருங்கள். பதில் வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். ஒரு வாரமாவது கழியாமல் நினைவூட்டக் கூடாது. புதிய பதிப்புக்கான மாற்றங்களை டோர்வால்ட்ஸ் சேர்த்துக்கொள்ளும் இரண்டு வார காலத்தில் பொறுப்பாளர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போது பதிலை எதிர்பார்க்காதீர்கள். குறை சொல்லிப் பதில் வந்தால் அது நல்ல செய்தி; ஒருவர் படித்திருக்கிறார்! ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுதுங்கள். உடன்படாவிட்டால் காரணம் சொல்லுங்கள். திருத்திய இரண்டாம் வடிவத்தை அனுப்பும்போது, முதல் வடிவத்திலிருந்து என்ன மாறியது என்பதையும் குறிப்பிடுங்கள். முன்பெல்லாம் பதில்கள் மிகக் கடுமையாக இருந்ததும் உண்டு. டோர்வால்ட்ஸே தம்முடைய கடுமொழிக்காக 2018இல் வருத்தம் தெரிவித்து, சில வாரங்கள் விலகியிருந்தார். அந்த ஆண்டே லினக்ஸில் நடத்தை விதிகளும் வந்தன. கடுமொழி தரத்தைக் காக்கிறது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

திருத்தம் ஏற்கப்பட்டால் பாராட்டுரை எதுவும் வராது. 'சேர்த்துக்கொண்டேன், நன்றி' என்று ஒரு வரி வரும். உங்கள் பேட்ச் மற்ற பிரிவுகளின் மாற்றங்களோடு கலந்து சோதனைத் தொகுப்புக்குப் போகும். அங்கே பலவகைக் கணிப்பொறிகளில் அதை ஓட்டிப் பார்ப்பார்கள். ஏதேனும் உடைந்தால், எந்தத் திருத்தத்தால் உடைந்தது என்று தேடிக் கண்டுபிடித்து, அதை எழுதியவருக்கு அஞ்சல் அனுப்புவார்கள். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.